கட்டடமும் கட்டுவோர் உயிரும்

முன்னுரை

ஒரு நாட்டின் பெருமையை அதன் கோபுரங்களையும் அணைகளையும் கொண்டு அளப்பது வரலாற்றாசிரியர் பலரது வழக்கம். அவற்றை எழுப்பியவர் யார், அவர்தம் உயிருக்கு என்ன காப்பு இருந்தது என்று வினவுவது அரிதாகவே நிகழ்ந்துள்ளது. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் அந்த வினாவை எழுப்புவது பொருத்தமானது என்று கருதுகிறோம். ஏனெனில், நம் சங்கத்தின் இரவுப் பாடசாலையிலும் விடுதியிலும் பயின்ற பிள்ளைகளுள் பெரும்பாலோர் சித்தாள்களின் பிள்ளைகள், கொத்தனார்களின் பிள்ளைகள், மண் வெட்டியோரின், கம்பி கட்டியோரின் பிள்ளைகள்.

கட்டுமானப் பணிகளில் உடல்நலமும் பாதுகாப்பும் பேணுதற்கான திட்டம் ஒன்றைப் பணி தொடங்குமுன்னரே எழுத்தில் வகுக்க வேண்டும் என்னும் நெறி இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது. அந்நெறி எவ்வாறு பிறந்தது, நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தது, வந்த பின்னரும் நம் மக்கள் ஏன் வீழ்ந்துகொண்டிருக்கின்றனர் என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பெயர் பொறிக்கப்படாதோர்

தஞ்சைப் பெருவுடையார் கோயில் கி.பி. 1010-இல் நிறைவெய்தியது. அதன் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசனின் பெயர் உண்டு. கொடை அளித்தோர் பெயர்கள் உண்டு. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் உண்டு. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களும் உண்டு. அக்கல்வெட்டுகளிலேயே 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்னும் சொற்களும் இடம்பெறுகின்றன. நிலவரிக் கணக்கில் கழிக்கப்பட வேண்டிய இடங்களாக அவை குறிக்கப்பட்டன. சேரியின் பெயர் கல்லில் ஏறியது; கல்லை ஏற்றிய கூலியாள் எவர் என்பதோ, அவருள் எத்தனை பேர் நசுங்கி மாண்டனர் என்பதோ ஏறவில்லை.

முல்லைப் பெரியாறு அணை 1887 முதல் 1895 வரை எட்டாண்டுகள் கட்டப்பட்டது. காட்டு வெள்ளமும் மலைக் காய்ச்சலும் காலராவும் எண்ணற்றோரை அங்கு பலிகொண்டன. அவ்வணையை அரும்பாடுபட்டு முடித்த பொறியாளர் பென்னிகுயிக் அவர்களுக்குத் தமிழக அரசு 2013-இல் மணிமண்டபம் எழுப்பியது. அது தகுதியான சிறப்பே. ஐந்து மாவட்டத்து உழவர்கள் அவரை இன்றும் தெய்வமெனப் போற்றுவதில் வியப்பில்லை. ஆயின் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து அங்கேயே மடிந்தவர்க்கு நினைவுக்கல் எங்கே என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

பிட்டுக்கு மண் சுமந்த கதையை நாம் அறிவோம். வைகைக் கரையில் கூலியாளின் முதுகில் விழுந்த பிரம்படி பாண்டியன் முதுகிலும் பட்டது. எல்லோர் முதுகிலும் பட்டது என்பர். அது புராணம். நடைமுறையில் கூலியாளின் மீது விழும் அடி அவன் வீட்டார் மீது மட்டுமே விழுகிறது. அரசப் பதவியில் இருப்போர் முதுகிலும் அவ்வடியை உணரச் செய்வதற்கு ஏற்பட்ட கருவியே தொழிலாளர் சட்டம் எனலாம்.

இழப்பீடு என்னும் முதற்படி

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. அது ஆலைகளுக்கு உரியது. சுவரும் கூரையும் இயந்திரமும் உள்ள ஆலையைச் சட்டம் கண்டுகொண்டது. அச்சுவரையும் கூரையையும் எழுப்பியவனைக் கண்டுகொள்ளவில்லை. கட்டட வேலை ஓரிடத்தில் நிலைத்திராதது. வேலை முடிந்ததும் ஆட்கள் கலைந்து விடுவர். மேஸ்திரி ஒருவர், துணை ஒப்பந்தக்காரர் ஒருவர், ஒப்பந்தக்காரர் ஒருவர் எனப் பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடக்கும். இம்மூன்றும் சேர்ந்து கட்டுமானத் தொழிலாளியை நெடுங்காலம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவனாக வைத்திருந்தன.

1923-இல் இயற்றப்பட்டு 1924 சூலை முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதற்படியாக அமைந்தது. பணியின்போது விபத்தில் இறந்தாலோ உறுப்பு இழந்தாலோ முதலாளி பணம் தரவேண்டும் என்பது அதன் சாரம். குறிப்பிட்ட உயரத்திற்கு மேற்பட்ட கட்டடங்களில் பணிபுரிவோரும் அதன் அட்டவணையில் இடம்பெற்றனர். ஆயினும், இழப்பீடு என்பது வீழ்ந்த பின் வருவது. வீழாமல் காக்கும் கடமையை அச்சட்டம் எவர் மீதும் சுமத்தவில்லை.

நம் முன்னோர் வரலாற்றில் கோலார் தங்கவயலுக்குத் தனியிடம் உண்டு. வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சாதிக் கொடுமைக்கும் பஞ்சத்திற்கும் தப்பிச் சென்ற நம் மக்கள் அங்கே பூமியின் ஆழத்தில் பாறை உடைத்தனர். பாறைத் தூள் நுரையீரலில் படிந்து மூச்சைச் சிறுகச் சிறுக அடைக்கும் 'சிலிக்கோசிஸ்' என்னும் நோய் இந்தியாவில் முதன்முதலாக 1934-இல் அங்குதான் கண்டறிந்து கூறப்பட்டது. 1940-இல் மைசூர் சமஸ்தானம் அந்நோய்க்கும் இழப்பீடு உண்டெனச் செய்தது. விபத்து மட்டுமன்று, தொழிலே தரும் நோயும் முதலாளியின் பொறுப்பு என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது. இன்று கல் அறுக்கும் இயந்திரத்தின் முன்னும், கான்கிரீட் துளைக்கும் கருவியின் முன்னும் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கும் இளைஞன் அதே தூளைத்தான் உட்கொள்ளுகிறான் என்பதை நாம் மறத்தலாகாது. துண்டு தூசியின் பெருமணிகளைத் தடுக்கும்; நுரையீரலைக் கெடுக்கும் நுண்மணிகளைத் தடுக்காது.

அண்ணல் அம்பேத்கர் 1942 சூலையிலிருந்து 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். அரசியலமைப்பின் சிற்பி என்று அவரைப் போற்றும் நாம் இந்நான்காண்டுப் பணியைப் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை. ஆலைத் தொழிலாளரின் வேலை நேரத்தை வாரத்திற்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த 1946-ஆம் ஆண்டுத் திருத்தம் அவர் கொண்டுவந்தது. அந்நாளில் மத்தியப் பொதுப்பணித் துறையும் தொழிலாளர் துறையின் கீழேயே இருந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தீண்டத்தகாதவர் எனத் தள்ளப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர், அரசின் கட்டடங்களை எழுப்பும் துறைக்கும் அவற்றை எழுப்பும் தொழிலாளர் நலனுக்கும் ஒருங்கே பொறுப்பேற்றிருந்தார்.

சென்னை மாகாணத்தில் இன்னொரு வரலாற்று இணைப்பும் உண்டு. 1920-ஆம் ஆண்டையொட்டித் தாழ்த்தப்பட்டோர் நலனைக் கவனிக்கும் பொறுப்பு தொழிலாளர் ஆணையரிடமே ஒப்படைக்கப்பட்டது. நம் குழந்தைகளுக்கெனத் திறக்கப்பட்ட பள்ளிகள் 'லேபர் பள்ளிகள்' என்றே வழங்கப்பெற்றன. 1949-இல் தனித்துறை ஏற்படும் வரை இந்நிலை நீடித்தது. முதியோர் சிலர் வாயில் 'லேபர் ஸ்கூல்' என்னும் சொல் அண்மைக்காலம் வரை வழங்கியதை நாமே கேட்டிருக்கிறோம். அரசின் ஏட்டில் 'தொழிலாளி' என்பதும் 'தாழ்த்தப்பட்டவன்' என்பதும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. ஆகவே தொழிலாளர் பாதுகாப்பு என்பது நமக்குப் புறத்தே உள்ள செய்தியன்று. நம் கல்வி வரலாற்றின் உடன்பிறப்பே ஆகும்.

வலை காத்த உயிர்கள்

விபத்து விதியால் வருவது என்ற எண்ணம் நம்மிடையே மட்டுமன்றி மேலைநாடுகளிலும் ஆழ வேரோடியிருந்தது. அமெரிக்காவில் பாலம் கட்டுவோரிடையே ஒரு கொடிய கணக்கு இருந்தது: பத்து இலட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்பதே அக்கணக்கு. சான்பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பாலம் மூன்றரைக் கோடி டாலர் மதிப்பீட்டில் 1933 சனவரியில் தொடங்கப்பெற்றது. அவ்வழக்கின்படி முப்பத்தைந்து பேர் மாள வேண்டும்.

தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அக்கணக்கை ஏற்க மறுத்தார். பணியாளர் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும், மறுத்தால் வேலை இல்லை என விதித்தார். பாலத்தின் அடியில் கரைக்குக் கரை கயிற்று வலை கட்டச் செய்தார். அதற்குச் சுமார் 1,30,000 டாலர் செலவாயிற்று. மேலிருந்து வீழ்ந்த பத்தொன்பது பேரை அவ்வலை தாங்கிப் பிழைக்க வைத்தது. 1937 பிப்ரவரி 17 அன்று சாரம் ஒன்று பெயர்ந்து வலையையே கிழித்துக்கொண்டு கடலில் வீழ்ந்ததில் பதின்மர் மாண்டனர். அதனையும் சேர்த்து இறந்தோர் தொகை பதினொன்று. முப்பத்தைந்து என்று எழுதியிருந்த விதியைத் திட்டம் பதினொன்றாகக் குறைத்தது. எஞ்சிய பதினொன்றுள் பத்து, வலையின் மேலேயே பெருஞ்சுமை ஒன்று வீழக்கூடும் என்பதைத் திட்டம் போதிய அளவு எண்ணவில்லை என்பதைக் காட்டிற்று. இவ்விரு பாடங்களும் ஒருங்கே கற்கத்தக்கவை.

அதே 1937-இல் ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டடத் தொழிலின் பாதுகாப்புக்கென 62-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. சாரமும் ஏணியும் பாரந்தூக்கியும் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை அது வகுத்தது. 1988-இல் வந்த 167-ஆம் உடன்படிக்கை அதனை விரிவாக்கியது.

பிரித்தானியாவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெருந்திருப்பமாகும். அதற்கு முன்னர், இன்ன உயரத்தில் இன்ன கைப்பிடி வேண்டும் என்று ஒவ்வொன்றாக விதித்து வந்தனர். அச்சட்டமோ, தன் பணியிடத்தின் ஆபத்துகளைத் தானே ஆராய்ந்து நீக்கும் கடமையை வேலை கொடுப்போன் மீது வைத்தது. 1992-இல் ஐரோப்பிய சமூகம் பிறப்பித்த கட்டளையும், 1994-இல் பிரித்தானியா வகுத்த கட்டுமான விதிகளும் இன்னும் ஒருபடி மேலே சென்றன. பணி தொடங்குமுன் பாதுகாப்புத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மட்டுமன்றிக் கட்டடத்தை வடிவமைப்பவரும், கட்டச் சொல்லிப் பணம் தருபவரும் பொறுப்பாளிகள் ஆவர் என்றன. இந்நெறியைப் பின்பற்றிய 2012 இலண்டன் ஒலிம்பிக் திடல்களின் கட்டுமானத்தில் ஓர் உயிரும் போகவில்லை.

நம்மவர் பல்லாயிரவர் கூலிவேலைக்குச் செல்லும் சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை அருகே சுரங்க இரயில் பாதைக்கான அகழ்வு இடிந்து நால்வர் மாண்டனர். அந்நாடு அதனை விதியென விடவில்லை. 2006-இல் புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, ஒவ்வொரு வேலைக்கும் முன் ஆபத்தை மதிப்பிட்டு எழுதுவதைக் கட்டாயமாக்கியது. கடல்கடந்த நம் இளைஞர் அங்கே பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்று காட்டினால்தான் பணியிடத்திற்குள் நுழைய முடியும். அதே இளைஞர் ஊர் திரும்பி இங்கே சாரம் ஏறும்போது அச்சான்றை எவரும் கேட்பதில்லை.

தமிழகத்தில் எழுந்த குரல்

1982 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று நம் கவனத்திற்குரியது. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான அரங்குகள் அவசரமாக எழுப்பப்பட்டபோது தொழிலாளர் சுரண்டப்பட்டதைக் குறித்த வழக்கு அது. குறைந்தபட்சக் கூலி தராமல் வேலை வாங்குவது கட்டாய உழைப்பே ஆகும் என்றும், கட்டுமானம் ஆபத்தான தொழிலாதலால் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரை அதில் ஈடுபடுத்துவது அரசியலமைப்புக்கு மாறானது என்றும் நீதிபதி பகவதி அவர்கள் கூறினார்.

அதே 1982-இல் தமிழகச் சட்டமன்றம் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் தெருவில் நின்று குரல் கொடுத்த பின்னர், 1994 நவம்பர் 30 அன்று கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. அக்குரலில் சித்தாள் பெண்களின் குரல் மிகுந்திருந்தது. அகில இந்திய அளவிலும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் ஓர் இயக்கம் நடந்தது. அவற்றின் பயனாகவே 1996-ஆம் ஆண்டின் கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பிறந்தது.

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு அச்சட்டம் பொருந்திற்று. வேலை தொடங்குவதற்கு முப்பது நாள் முன்னர் ஆய்வாளருக்கு அறிவிப்பு, குடிநீர், கழிப்பிடம், தங்குமிடம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம், ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் தொழிலாளரும் அங்கம் வகிக்கும் பாதுகாப்புக் குழு என்பன அதன் கூறுகள். 1998-இல் வந்த மத்திய விதிகள், ஐம்பது தொழிலாளர் உள்ள எந்த நிறுவனமும் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய கொள்கையை எழுத்தில் வகுத்து ஒப்புதல் பெறவேண்டும் என்றும், தொழிலாளருக்கு விளங்கும் மொழியில் அதனைப் பலரும் காணுமிடத்தில் வைக்கவேண்டும் என்றும் கூறின. தமிழகம் தன் விதிகளை 2006-இல் வகுத்தது.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் குறித்த சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அதனுள் அடங்கிவிட்டது. கட்டுமானப் பணியிடங்களில் 250 பேருக்கே பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வேண்டும் என்பது புதிய தொகுப்பின் நற்கூறு. 50 இலட்சம் ரூபாய் வரையிலான சொந்த வீட்டுக் கட்டுமானம் அதன் வரம்பிற்கு வெளியே நிற்பது குறை. முன்பு இவ்வரம்பு 10 இலட்சமாக இருந்தது. சிற்றூர்களில் நம் மக்கள் வேலை செய்வது பெரும்பாலும் இத்தகைய வீடுகளிலேயே என்பதை நாம் சுட்டிக்காட்டாமல் இருக்க இயலாது.

திட்டம் என்பது யாது?

பாதுகாப்புத் திட்டம் என்றால் தடித்த கோப்பு என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையில் ஆறு வினாக்களுக்கான விடையே ஆகும். இங்கு என்ன வேலை நடக்கப்போகிறது? அதில் எதனால் ஆபத்து வரும்? யாருக்கு வரும்? அதனை எவ்வாறு நீக்குவோம்? அதற்குப் பொறுப்பு யார்? மீறி நேர்ந்துவிட்டால் என்ன செய்வோம்?

ஆபத்தை நீக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. அவ்வரிசையை அறிந்தவரே திட்டம் எழுதத் தகுந்தவர். முதலாவது, ஆபத்தான வேலையையே இல்லாமற் செய்தல்: உயரத்தில் நின்று பொருத்த வேண்டிய இரும்புச் சட்டத்தைத் தரையிலேயே பொருத்தித் தூக்கி வைப்பது போல. இரண்டாவது, தீங்கு குறைந்த பொருளையோ முறையையோ மாற்றாகக் கொள்ளுதல். மூன்றாவது, கைப்பிடி, வலை, குழியின் பக்கங்களுக்கு முட்டு, தூசியை அடக்கத் தண்ணீர் ஆகியவற்றால் ஆபத்திற்கும் ஆளுக்கும் இடையே தடை எழுப்புதல். நான்காவது, நேரம், அனுமதிச் சீட்டு, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை போன்ற ஒழுங்குகள். கடைசியாகவே தலைக்கவசமும் இடுப்பு வாரும் காலணியும் வருகின்றன. நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் இவ்வரிசை தலைகீழாக நிற்கிறது. மஞ்சள் தொப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று கருதுகின்றனர். பிடி மண் சரிந்தால் தொப்பி என்ன செய்யும்?

எடுத்துக்காட்டாகக் கான்கிரீட் தளத்தின் அடிமுட்டைப் பிரிப்பதைக் காண்போம். இந்தியத் தர நிர்ணயம் 456 இதற்குக் கணக்கு வகுத்துள்ளது. சாதாரண சிமெண்டில், நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்திற்கு முட்டு 7 நாளும், அதற்கு மேற்பட்டால் 14 நாளும் நிற்கவேண்டும். உத்தரங்களுக்கு ஆறு மீட்டர் வரை 14 நாளும், அதற்கு மேல் 21 நாளும் வேண்டும். வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் பலகையை விரைவில் திருப்பித் தந்தால் பணம் மிச்சம். ஆகவே நாளைக் குறைக்கச் சொல்லுவோர் இருப்பர். திட்டத்தில் 'இன்ன தளம் இன்ன நாளில் வார்க்கப்பட்டது. இன்ன நாளுக்கு முன் முட்டைத் தொடலாகாது. பிரிக்க அனுமதி தருபவர் இன்னார்' என்று மூன்று வரி எழுதிக் கையொப்பமிட்டிருந்தால், மேஸ்திரி வாய்மொழியாக இடும் கட்டளைக்குத் தொழிலாளி அஞ்ச வேண்டுவதில்லை. எழுத்து எளியவனுக்குத் துணை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று உண்டோ?

உடல்நலம் என்னும் பாதியைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஈரச் சிமெண்டு கைகால்களைப் புண்ணாக்கும். சித்திரை வைகாசி வெயிலில் நண்பகல் வேலை மயக்கத்தையும் மரணத்தையும் தரும். கழிப்பிடம் இல்லாத இடத்தில் பெண்கள் நாள் முழுதும் தண்ணீர் குடியாமல் அடக்கிக்கொண்டு சிறுநீரக நோய்க்கு ஆளாகின்றனர். சும்மாட்டின் மீது பத்து மாடிக்குச் செங்கல் சுமந்தவள் நாற்பது வயதில் கழுத்தைத் திருப்ப இயலாதவள் ஆகிறாள். இவையெல்லாம் விபத்துப் பதிவேட்டில் ஏறுவதில்லை. நல்ல திட்டம் நிழலுக்கும் நீருக்கும் கழிப்பிடத்திற்கும் சாரத்திற்குரிய அதே முதன்மையைத் தரும்.

ஏட்டுச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது பழமொழி. ஒரு பணியிடத்திற்கு எழுதிய திட்டத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி மற்றோர் இடத்தின் கோப்பில் வைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. ஒப்பந்தப் புள்ளிக்கு வேண்டிய தாள்களுள் ஒன்றாக அது போய்விட்டது. ஆங்கிலத்தில் எழுதிய அத்திட்டத்தைத் தமிழ்க் கொத்தனாரும் படிக்க இயலாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கூலியாளும் படிக்க இயலாது.

2014 சூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மாலை மழையில் இடிந்து வீழ்ந்தது. 61 பேர் மாண்டனர். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். மாண்டவருள் பலர் ஆந்திரத்தின் வடகோடி மாவட்டங்களிலிருந்தும் தமிழகச் சிற்றூர்களிலிருந்தும் பிழைப்புக்கு வந்தவர். நீதிபதி ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அருகே நின்ற இரண்டாவது கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கட்டடமே வீழும் இடத்தில் தலைக்கவசமும் வலையும் எவரையும் காவா. வரைபடம் எழுதும் மேசையிலேயே தொழிலாளியின் பாதுகாப்பு தொடங்க வேண்டும் என்னும் நெறியை இத்துயரம் நமக்குக் கற்பிக்கிறது.

2019 திசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் உயர்ந்த சுற்றுச்சுவர் ஒன்று மழையில் சரிந்து அருந்ததியர் குடியிருப்பின் மீது வீழ்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அவர்கள் அச்சுவரைக் கட்டியவர் அல்லர். அதன் நிழலில் வாழ விதிக்கப்பட்டவர். சேரிப்பக்கம் எழும் சுவருக்கு நீர்ப்போக்கியும் போதிய அடித்தளமும் உண்டா என்று கேட்பதும் பாதுகாப்புத் திட்டத்தின் பகுதியே. பணியிடத்தின் வேலிக்கு உள்ளே இருப்பவர் போலவே வெளியே இருப்பவர் உயிரும் கணக்கில் வருதல் வேண்டும்.

பணம் இல்லை என்று எவரும் கூறவியலாது. கட்டட மதிப்பில் நூற்றுக்கு ஒன்று வீதம் நலவரி பெறப்படுகிறது. 2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், நாடெங்கும் திரண்ட நலவரி 37,400 கோடி ரூபாய்க்கு மேல் என்றும், அதில் செலவிடப்பட்டது சுமார் 9,500 கோடியே என்றும் சுட்டிக்காட்டி, எஞ்சியது என்னாயிற்று என்று வினவியது. தொழிலாளியின் பெயரால் திரட்டிய பணம் கருவூலத்தில் உறங்க, அவன் சவுக்குக் கட்டைச் சாரத்தில் வெறுங்காலுடன் நிற்கிறான்.

நாம் செய்யத்தக்கன

ஆசிரியர் என்ற முறையில் ஒன்று கூறுவோம். நாம் பணியாற்றிய பள்ளிகளில் இடையில் நின்ற மாணவர்களின் பெயரை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்க நேர்ந்த போதெல்லாம் காரணம் வினவியதுண்டு. தந்தை சாரத்திலிருந்து வீழ்ந்து படுத்துவிட்டார் என்பது அடிக்கடி கேட்ட விடை. அவ்வீட்டின் மூத்த பிள்ளை எட்டாம் வகுப்போடு பாண்டு தூக்கச் செல்லும். தம்பி தங்கையர் பின்னே செல்வர். ஒருவர் வீழ்ந்தால் ஒரு தலைமுறையின் கல்வி வீழ்கிறது. ஆகவே, கல்விச் சங்கமொன்று சாரத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது வரம்பு மீறலன்று. அதன் முதற்கடமையுள் ஒன்றே ஆகும்.

நம் சங்கத்தின் உதவியால் பயின்றவருள் இன்று பொறியாளர் உளர், மேற்பார்வையாளர் உளர், சிறு ஒப்பந்தக்காரரும் உளர். சித்தாளின் மகன் பாதுகாப்புத் திட்டத்தில் கையொப்பமிடும் இடத்திற்கு வந்துவிட்டான். அக்கையொப்பத்தை அவன் படியெடுத்த தாளின் அடியில் இடுவானாயின், நாம் அளித்த கல்வி என்ன பயன்? பணியிடத்தை நடந்து பார்த்து, கொத்தனாரையும் கம்பி கட்டுபவரையும் கலந்து பேசி, அவர் மொழியில் ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு நாள் காலையிலும் பத்து நிமிடம் அதனை அவர் முன் உரக்கப் படிக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

சங்கத்தினரும் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். ஒன்று, நம் பகுதிக் கட்டடத் தொழிலாளர் அனைவரையும் நல வாரியத்தில் பதிவு செய்வித்தலும், புதுப்பிக்கும் காலம் தவறாமல் நினைவூட்டுதலும். இரண்டு, இரவுப் பாடசாலையில் மாதம் ஒருநாள் சாரம், அகழ்வு, மின்சாரம், முதலுதவி ஆகியவை குறித்துப் பாடம் நடத்துதல். அதற்கு நம் பழைய மாணவரான பொறியாளரே ஆசிரியராக வரலாம். மூன்று, ஊராட்சி மூலம் நம் பகுதியில் எழும் கட்டடம் ஒவ்வொன்றிலும் பாதுகாப்புத் திட்டம் உண்டா என்று எழுத்து மூலம் கேட்டல். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் உள்ளது.

முடிவுரை

தஞ்சைக் கல்வெட்டில் நம் முன்னோர் பெயர் இல்லை. இழப்பீட்டுச் சட்டத்தில் அவர்கள் உறுப்புக்கு விலை இருந்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்திலேதான் அவர்கள் உயிருக்கு முன்கூட்டிய காப்பு எழுத்தில் வந்தது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்துவந்த இப்பயணத்தில் எஞ்சியிருப்பது, எழுத்தில் உள்ளதைப் பணியிடத்தில் நிலைநாட்டுவதே. அதனைச் செய்யும் தகுதியைக் கல்வி நமக்குத் தந்துள்ளது. காலையில் வேலைக்குச் சென்ற ஒவ்வொருவரும் மாலையில் தம் காலால் நடந்து வீடு திரும்ப வேண்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் தன் வெற்றியை இவ்வளவுகோலாலும் அளந்து பார்ப்பதாகுக.